மாத்திரை போட்டுவிட்டு எங்கே போகிறீர்கள்?

இப்போதெல்லாம் சில சளி சிரப் பாட்டில்களில், நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சடித்து வருகிறது. நல்ல காரியம். அதைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடியும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்ல காரியம். நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த மருந்துக்கடையில், என் இடத்தில் இப்போது நிற்கும் ஷர்மிளா போன மாதம் போன் செய்தார். "சார், அந்த வாசகம் இல்லாத பழைய சரக்கையெல்லாம் தனியா எடுத்து வச்சுட்டேன். அது இருக்கட்டும். நம்ம கவுண்டர் கண்ணாடிக்கு அடியில 'எங்கன போகப் போறீய?'ன்னு ஒரு சீட்டு இருக்கே, அது என்னத்துக்கு? வாரவங்க எல்லாம் இங்கன பஸ் டிக்கெட்டும் போடுறீயளான்னு கேலி பண்றாங்க" என்றார். மருந்தாளுநர்கள் சேர்ந்து போடுகிற மலருக்கு அதையே எழுதித் தரும்படியும் கேட்டார்.

அந்தச் சீட்டை எழுதி வைத்தவன் நான்தான். எதற்காக வைத்தேன் என்பதை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்வது எனக்குப் பெருமை தரும் விஷயமும் இல்லை.

என் சொந்த ஊர் சிக்கல் பக்கம். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலம். அய்யா தன் பங்கு நிலத்தில் பாதியை ஒற்றி வைத்து என்னை மதுரையில் டி.பார்ம். படிக்க வைத்தார். இரண்டு வருடம் படித்தேன், தேறினேன், அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டேன், வரவில்லை. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு கடற்கரை ஊரில், செய்யது மொதலாளி கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆறு மாதம் இருந்து பார்ப்போம் என்றுதான் போனேன்.

மொதலாளியும் படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நாம் தப்பாக ஒன்றை எடுத்துவிட்டால், அதை நம் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்து, மெதுவாகத் திருப்பிப் போடுவார். அவ்வளவுதான் திட்டு. அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

திருப்பிப் போடுவதுதான் அவருடைய தொழில் முறை. கம்பெனிக்காரர் புதிய மாத்திரையைக் கொண்டுவந்து பெயரைச் சொல்ல வாயைத் திறப்பார். இவர் அதற்குள் பெட்டியைத் திருப்பிக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். "முன்னாடி இருக்கிறது ஒங்க ஆசை. பின்னாடி இருக்கிறதுதான் மருந்து" என்பார். மற்ற கடைகளில் மருந்துகளை வியாபாரப் பெயரின் எழுத்து வரிசைப்படி அடுக்குவார்கள். எங்கள் கடையில் உள்ளே இருக்கும் சரக்கின்படி அடுக்க வேண்டும். பாராசிட்டமால் எந்தப் பெயரில் வந்தாலும் ஒரே தட்டில் இருக்கும். புதிதாக வந்த எனக்கு இது பெரிய தொல்லை. ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் கையே நீளும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தார் என்று ஒரு வருடம் கழித்துப் புரிந்தது.

காய்ச்சலோடு ஒரு பெண் வந்தார். ஒரு மாத்திரை பக்கத்து வீட்டில் கொடுத்தது, ஒன்று வேறு கடையில் வாங்கியது, ஒன்று கணவர் பையில் இருந்தது. மூன்றுக்கும் மூன்று பெயர். மூன்றையும் வேளைக்கு ஒன்றாகச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். மொதலாளி மூன்று அட்டைகளையும் மேசையில் திருப்பிப் போட்டு, மூன்றிலும் ஒரே எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. "ஒரே ஆளுக்கு மூணு சட்டையா?" என்று கேட்டார். மூன்றும் பாராசிட்டமால், அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும் என்பதால் அன்றைக்கே ஈரல் சோதனைக்கு ராமநாதபுரம் அனுப்பி வைத்தோம்.

சளி மாத்திரை என்றால் மொதலாளிக்குத் தனி எரிச்சல். அதில் ஒரே மருந்து இருக்காது, ஒரு கூட்டமே இருக்கும். காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும் பாராசிட்டமால். மூக்கடைப்பு விடுவதற்கு ஃபினைல்எஃப்ரின், அது மூக்கின் உள்ளே வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மூக்கு ஒழுகுவதற்கும் தும்மலுக்கும் சி.பி.எம். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் குளோர்ஃபெனிரமின். தும்மலை நிறுத்துகிற அதே மருந்துதான் ஆளைத் தூங்கவும் வைக்கும். சில மாத்திரைகளில் அந்தத் தூக்கத்தை விரட்டக் காப்பியில் இருக்கும் கஃபீனையும் சேர்த்திருப்பார்கள். இருமல் சிரப் இன்னொரு கதை. இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபானும், சளியை இளக்கி வெளியே கொண்டுவரும் மருந்தும் ஒரே பாட்டிலில் வரும். "ஒருத்தன் சாமானை வெளிய தள்ளுறான், இன்னொருத்தன் வாசலைப் பூட்டுறான். நல்ல குடித்தனம்" என்பார் மொதலாளி.

எங்கள் பக்கத்துக் கடைகளில் 'ஒரு செட்' என்று ஒரு பழக்கம் உண்டு. சளி என்று சொன்னால் போதும், நாலு அட்டையில் ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஒரு சின்னக் கவரில் போட்டு நீட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று வாங்கினவருக்கும் தெரியாது, இரண்டு நாள் கழித்து விற்றவருக்கும் தெரியாது. எங்கள் கடையில் செட் கிடையாது. கத்தரித்தால் பெயர் உள்ள துண்டு வாங்குகிறவர் கைக்குப் போக வேண்டும். பெயர் வெட்டுப்பட்டுவிட்டால் கவரின் மேல் எழுத வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி. யாருக்கு? என்ன வயசு? மாத்திரையைப் போட்டுட்டு எங்கன போகப் போறீய?

முதல் இரண்டும் எல்லாப் பாடப் புத்தகத்திலும் உள்ளவை. மூன்றாவது அவருடையது. ஒருவர் வண்டி ஓட்டப் போகிறேன் என்பார். ஒரு அம்மா அடுப்பில் நெல் அவிக்கப் போகிறேன் என்பார். ஒருத்தர் மரம் ஏறப் போகிறேன் என்பார். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் மொதலாளி தட்டின் பக்கம் திரும்புவார். சிலருக்குச் சளி மாத்திரையே கொடுக்காமல், ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்புவார். வியாபாரம் பார்க்கத் தெரியாத மனுஷன் என்று நானே நினைத்திருக்கிறேன்.

சங்கு எடுக்கும் பருவம் வந்தால் இந்தக் கேள்விக்கு வேலை அதிகம். கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவர்கள் சளி பிடித்தால் படும் பாடு மற்றவர்களுக்குப் புரியாது. மூக்கு அடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தம் சரியாகாது. இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் காதில் ஊசி ஏற்றுகிற வலி எடுக்கும். அதனால் மாத்திரை கேட்டு வருவார்கள். மேலே மூக்கைத் திறந்துவிடும் மருந்து, அடியில் இருக்கும்போது வேகம் குறைந்தால் மூக்கு மறுபடி அடைத்துக்கொள்ளும். ஏறி வரும்போது காது கிழியும். தூக்கக் கலக்கம் வேறு. மொதலாளி ஒருவருக்கும் கொடுக்க மாட்டார். "மூணு நாள் கரையில இரு. சங்கு எங்கயும் ஓடிப் போகாது" என்பார்.

நான் செய்த தப்பு இங்கே ஆரம்பிக்கிறது. பருவத்தில் மாலை நேரம் கவுண்டரில் கூட்டம் முட்டும். ஒவ்வொருவரிடமும் எங்கே போகிறாய் என்று கேட்டு, அவர் மாமியார் வீட்டுக்குப் போகும் கதையைக் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் நாலு பேர் சலித்துக்கொள்வார்கள். வந்து கேட்கிற ஆண்களில் ஆபத்தானவர்கள் முங்குகிறவர்கள்தானே என்று, நான் கேள்வியைச் சுருக்கிவிட்டேன். "முங்கப் போறீயளா?" ஆமாம் என்றால் கிடையாது. இல்லை என்றால் மாத்திரை. எனக்குச் சுளுவாக இருந்தது. மொதலாளி இருக்கும்போது முழுக் கேள்வி, இல்லாதபோது என் கேள்வி. பல வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

அன்றைக்கு மொதலாளி சரக்கெடுக்க ராமநாதபுரம் போயிருந்தார். மஃரிபு தொழுகை விட்ட கூட்டம். நாசர் வந்து நின்றார். கிழக்கே இரண்டு மைலில் உள்ள கடலோரக் கிராமத்துக்காரர், முப்பது வயதிருக்கும். சவுதியில் டிரைவராக இருந்து, வேலை போய் ஊர் திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு அவரைச் 'சவுதி நாசர்' என்றுதான் தெரியும்.

"அண்ணே, மூக்கு கொழா மாதிரி ஒழுகுது. தும்மித் தும்மி வயிறு வலிக்குது. ஒரு மாத்திரை குடுங்க."

"முங்கப் போறீயளா?"

"நானா? எனக்குக் கழுத்தளவு தண்ணி வந்தாலே கண்ணு இருட்டும்ணே. நான் முங்குனா நேரா மவுத்துதான்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், சி.பி.எம். மூன்றும் சேர்ந்த மாத்திரையில் நாலு கத்தரித்துக் கொடுத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்டுவிட்டு. தூக்கம் வரும் என்று சொன்னேனா? இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. சொன்னேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

இரண்டு நாள் கழித்துக் கடைத்தெருவில் செய்தி வந்தது. கிழக்கே சங்கெடுக்கப் போன ஜமால் என்பவர் கடலுக்கு அடியிலேயே இறந்துவிட்டார். அந்தப் பக்கம் சிலர் வள்ளத்தில் காற்று இயந்திரத்தை வைத்து, அதிலிருந்து போகும் நீளக் குழாயை இடுப்பில் கட்டி, நுனியை வாயில் கவ்வியபடி முங்குவார்கள். அது கூடுமா கூடாதா என்ற வழக்கு வேறு. வள்ளத்தில் இன்னொரு ஆள் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கீழேயிருந்து மூன்று இழுப்பு வந்தால் உடனே மேலே தூக்க வேண்டும். குழாய் பாறையில் சிக்கி மடங்கியிருக்கிறது. ஜமால் இழுத்திருக்கிறார். மேலே இருந்தவன் தூங்கிப் போயிருக்கிறான். தூரத்தில் போன வேறு வள்ளத்துக்காரர்கள் சந்தேகப்பட்டு வந்து எழுப்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

குழாய் பிடிக்கிறவர் முங்குகிறவரின் மனைவியுடைய கூடப்பிறந்தவராக இருக்க வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். மற்றவன் எவனாவது அசட்டையாக இருந்துவிடலாம். தன் அக்காவின் தாலியான கருசமணி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கண்ணை மூட மாட்டான் என்ற நம்பிக்கை. அந்த வழக்கத்தின்படிதான் ஜமாலின் மச்சினன் அன்றைக்குக் குழாய் பிடித்திருக்கிறான். அக்காவின் கருசமணியை அவனே கழற்றும்படி ஆயிற்று என்று ஊரே பேசியது. குடித்திருப்பான் என்றார்கள். கவுண்டரில் நின்று நானும் சொன்னேன்: "கொழாயைக் கையில புடிச்சுக்கிட்டு ஒருத்தன் எப்படிய்யா தூங்குவான்? அவனெல்லாம் மனுஷனா?" நன்றாகச் சத்தமாகவே சொன்னேன். மச்சினன் பெயர் நாசர் என்றும் யாரோ சொன்னார்கள். அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு ஒரு நாசர் உண்டு. டிரைவர் வேலை பார்த்தவர் வள்ளத்தில் போவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் போயிருக்கும். மதிய நேரம், கடையில் யாரும் இல்லை. மொதலாளி லுஹர் தொழப் போயிருந்தார். நாசர் வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தூக்கமே வர மாட்டேங்குது. இருவது நாளாச்சு. அன்னைக்கு ஒரு மாத்திரை குடுத்தீயள்ல, சளிக்கு? அதையே குடுங்க. அதைப் போட்டா நல்லாத் தூக்கம் வருது."

"என்னைக்கு?" என்று கேட்டேன்.

"மச்சான் மவுத்தானதுக்கு முந்தின நாளு."

அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு எண்ணமே அவருக்கு இல்லை. தூங்கியது தன் உடம்பு, தன் கேடு என்று அவர் முடிவு செய்திருந்தார். மாத்திரைக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருப்பதை வாயால் சொல்லிக்கொண்டே, அதை அறியாமல் நின்றார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தோணிக் கொட்டகையில் என்றார். அந்தப் பக்கம் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். நாசர் பிறந்து வளர்ந்த வீடு இப்போது அக்கா ஆயிஷாவின் வீடு. அக்கா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. வேற்று ஆண்கள் பார்க்கக் கூடாது, ஆனால் கூடப்பிறந்த தம்பிக்குத் தடை இல்லை. "லாத்தாதான் மூஞ்சியில முழிக்காதேன்னுருச்சு. வாசல்ல போயி நின்னேன். கதவைச் சாத்திருச்சு" என்றார். மாத்திரை கொடுக்காமல் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த அரை மணி நேரத்தை நான் மறைக்காமல் எழுத வேண்டும். சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவருக்கும் தெரியாது. நாசருக்கே தெரியாது. சொன்னால் என் பதிவு போகலாம், கடைக்கு முன்னால் ஆள் கூடலாம், அந்த ஊர் இளவட்டங்கள் கையில் நான் அடி வாங்கலாம். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இத்தனையும் நினைத்தேன். மொதலாளி உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். "ஏலே முருகேசா, என்ன?" என்றார். சொல்லிவிட்டேன். சுருக்கிய கேள்வியையும் சேர்த்துச் சொன்னேன்.

மேசையில் திருப்பிப் போட அவர் கையில் ஒரு அட்டையும் இல்லை. பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டார். நான் அந்தக் கடையில் இருந்த வருடங்களில், சாவு வீட்டு ஜனாஸா தவிர வேறு எதற்கும் அப்படி மூடியதில்லை. ஆயிஷாவின் வீட்டுக்குப் போக ஆட்டோவில் ஏறினோம். பாதி வழியில் சொன்னார்.

"மாத்திரை மேல பழியப் போட்டுறாதே. அது பின்னாடி எழுதியிருக்கிறதத்தான் செஞ்சிச்சு. நீ கேக்காம விட்டதைச் சொல்லு."

வீட்டு முன்கட்டில் திரை தொங்கியது. நாங்கள் வாசலிலேயே நின்றோம். மொதலாளி சலாம் சொல்லி, யார் வந்திருக்கிறோம் என்று சொன்னார். உள்ளே பெண்கள் பேசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஆயிஷா திரைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது வளையல் ஓசை இல்லாமல் கை தரையில் ஊன்றிய சத்தத்தில் தெரிந்தது. "சொல்லுங்க காக்கா" என்றார், மொதலாளியை அண்ணன் முறை வைத்து.

நான் பேசினேன். "தங்கச்சி, நான் மெடிக்கல்ல இருக்கிற முருகேசன். ஒந் தம்பி அன்னைக்குக் குடிக்கல. முதல் நாள் சாயங்காலம் எங்கிட்டதான் சளி மாத்திரை வாங்கினாரு. அதுல தூங்க வைக்கிற மருந்து இருக்கு. மொதலாளி எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது, போட்டுட்டு எங்க போறீயன்னு கேக்கணும்னு. நான் அப்படிக் கேக்கல. முங்குறீயளான்னு மட்டும் கேட்டேன். எங்க போறேன்னு கேட்டிருந்தா, கொழாய் பிடிக்கப் போறேன்னு சொல்லியிருப்பாரு. நான் குடுத்திருக்க மாட்டேன்."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஆயிஷா கேட்டார்:

"அந்த மாத்திரை ஒண்ணு போட்டா, கையில இழுப்பு விழுறதுகூடத் தெரியாம ஒரு ஆம்பளை தூங்கிருவானா அண்ணே?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். "அசத்தும். கண்ணு சொக்கும். ஆளைப் பொறுத்தது. ஆனா அது ஒண்ணுலேயே அவ்வளவு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அந்த மாத்திரையில் இருக்கும் அளவுக்கு அப்படியொரு தூக்கம் கொஞ்சம் அதிகம்தான். எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

உள்ளே எழுந்து போகும் காலடி கேட்டது. திரும்பி வந்தார். திரைக்கு அடியில் ஒரு பாட்டில் நகர்ந்து வந்தது. வெளிநாட்டு இருமல் சிரப். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் சோப்பு, வலித் தைலத்தோடு இதுவும் கட்டாயம் இருக்கும். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அலமாரியில் இப்படி ஒன்று நிற்கும். ஊர்க்கடை மருந்தைவிட அதற்கு மதிப்பும் அதிகம்.

"இதுலயும் அது இருக்கா?"

பாட்டிலைத் திருப்பினேன். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். படிப்பதற்கு முன்னாலேயே கண் போய் முதல் வரியில் நின்றது. டைஃபென்ஹைட்ரமின். சி.பி.எம்.முக்கு அண்ணன் முறை. தூங்க வைப்பதில் அதைவிடக் கெட்டி, தூக்க மாத்திரையாகவே விற்கிற தேசங்கள் உண்டு. அந்தப் பெண் எதைக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாள் அவர் கதவைச் சாத்தி வைத்திருந்தது தம்பி மேல் உள்ள கோபத்தில் மட்டும்தானா என்றும் தோன்றியது. 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். உண்மையாகவே அதில் சி.பி.எம். இல்லை. பொய்யும் ஆகாது. நான் மொதலாளியைப் பார்த்தேன். அவர் முகமும் வெளுத்திருந்தது. அவரும் படித்துவிட்டார். அந்த நிமிடம் அவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியிருந்தால் நான் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பியிருப்பேன்.

"முழுசாப் படி" என்றார்.

கடையில் படிப்பதுபோலவே சத்தமாகப் படித்தேன். டைஃபென்ஹைட்ரமின். அமோனியம் குளோரைடு. சோடியம் சிட்ரேட். மென்தால். ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் படித்தேன்.

"இதுல தூக்கம் எது?"

"மொதல்ல படிச்சது."

"மாத்திரையில இருந்ததை விடவா?"

"இது அதைவிட அசத்தும் தங்கச்சி. ரெண்டும் சேந்தா... ஒருத்தரால முழிச்சிருக்க முடியாது."

உள்ளே யாரோ ஒரு வயதான பெண் அழ ஆரம்பித்தார். ஆயிஷா அழவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"ரெண்டு மூடி குடுத்தேன். சுபுஹு தொழுதுட்டு வந்து இருமிக்கிட்டே கெளம்பினான். வேணாம் லாத்தா, மாத்திரை போட்டிருக்கேன்னான். நாந்தான் சட்டையப் புடிச்சு நிறுத்திக் குடிக்க வச்சேன். கடக்காத்துல நெஞ்சுல கட்டிக்கும்டான்னு."

நான் அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே வைக்கவும் தோன்றவில்லை. நான் பாதிச் சுமையை இறக்கி வைக்க வந்தவன், இன்னொருத்தர் தலையில் ஏற்றிவிட்டேனே என்றுதான் இருந்தது. அந்த வருத்தம் இன்றைக்கும் போகவில்லை.

"காக்கா, நாசர் எங்கன இருக்கான்?" என்றார் ஆயிஷா.

"தோணிக் கொட்டகையில இருக்கான்மா."

"சாப்பிட்டிருக்க மாட்டான். வரச் சொல்லுங்க."

மொதலாளியே போனார். எழுபதை நெருங்குகிற மனுஷன், மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். நாசர் வந்து படியில் நின்றார். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கையக் கழுவிட்டு உள்ள வா."

அவர் உள்ளே போனபிறகு அந்த வீட்டிலிருந்து வந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு எங்களால் நிற்க முடியவில்லை. ஆட்டோவுக்கு நடந்தோம்.

மறுநாள் காலை ஒரு மாத்திரைக் கவரின் பின்பக்கம் மொதலாளியின் மூன்றாவது கேள்வியை எழுதி, கண்ணாடிக்கு அடியில் எனக்குத் தெரியும்படி வைத்தேன். அவர் வந்தார், பார்த்தார், கண்ணாடியைத் தூக்கி அதை எடுத்தார். பழக்க தோஷத்தில் திருப்பிப் பின்பக்கம் ஒன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். அதைப் பற்றி நாங்கள் அதற்கு மேல் பேசியதில்லை. சாகும்வரை அவர் அந்தச் சம்பவத்தை யாரிடமும் என் தப்பு என்று சொன்னதும் இல்லை, தப்பில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னதும் இல்லை.

இப்போது போனை அமுக்கினால் மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. பையை நீட்டுகிறவர் அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார், பாவம். ஷர்மிளா, உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் முட்டினாலும் கேள்வியை வெட்டாமல் முழுதாகக் கேளுங்கள். கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும்.

நாசர் இப்போது ஊரில் ஆட்டோ ஓட்டுகிறார். கடல் பக்கம் போவதில்லை. நான் கடையில் இருந்தவரை, சளி என்று வந்தால் நான் கேட்பதற்கு முன்னாலேயே, "ஆட்டோ ஓட்டப் போறேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் நிற்பார். இதை எழுதுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், எழுதலாமா என்று கேட்டேன். ஆயிஷாவும் கதவருகில் நின்றிருந்தார். "எழுதுங்கண்ணே, நாலு பேருக்கு ஒதவும்" என்றார் அவர். நாசர் அதோடு விடவில்லை.

"எழுதுங்க. ஆனா லாத்தா குடுத்துச்சுன்னு மட்டும் எழுதி நிறுத்திறாதீய. அந்தப் பாட்டிலைச் சவுதியிலருந்து கொண்டாந்து அலமாரியில வச்சவன் நான். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.